வாத்து வீட்டுப் பொங்கல்

டிசம்பர் 9, திங்கள்

என் பெயர் மனோரஞ்சிதம். வயது ஐம்பது. தொழில், ஆறு வயது ஆண் வாத்துக்குஞ்சு.

டைரிக்கு முதலில் யார் எழுதுகிறார்கள் என்று சொல்ல வேண்டும் அல்லவா? இது இன்சூரன்ஸ் ஏஜெண்ட் ஜனவரியில் கொடுத்தது. பதினோரு மாதமாகப் பீரோ மேலே கிடந்தது. இன்றைக்குத் தூசி தட்டி எடுத்திருக்கிறேன், ஏனென்றால் டாக்டர் என்னைப் பேசக் கூடாது என்று சொல்லிவிட்டார். கிசுகிசுப்பதும் கூடாதாம். அது இன்னும் கெடுதலாம். காலையிலிருந்து மனசுக்குள் சேர்ந்ததையெல்லாம் எங்கே கொட்டுவது?

'குளத்து வீடு' என்று ஒரு அமெரிக்க கார்ட்டூன். அதில் வருகிற சொட்டு என்கிற வாத்துக்குஞ்சுக்குப் பதினொரு வருடமாக நான்தான் தமிழ்க் குரல். ஆகஸ்டிலிருந்து தொண்டை கட்டியது. மிளகு, பனங்கற்கண்டு, வெந்நீர் என்று ஓட்டிக்கொண்டிருந்தேன். போன வாரம் டப்பிங் டைரக்டர் பக்தவத்சலம் சார் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "என்னம்மா, சொட்டுக்கு மீசை முளைச்சிருச்சா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பே கரகரவென்றுதான் வந்தது.

இன்றைக்கு டாக்டரம்மா மூக்கு வழியாக மெல்லிய கேமரா ஒன்றை விட்டு, என் குரல் நாண்களை எனக்கே டிவியில் காட்டினார். இரண்டு வெள்ளை நாடாக்கள். இடது பக்கத்து நாடாவில் ஒரு ஜவ்வரிசி ஒட்டிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை எடுத்துவிடலாமாம். "எடுத்து டெஸ்டுக்கு அனுப்புவோம். எல்லாருக்கும் அனுப்புறதுதான்," என்றார். எல்லாருக்கும் அனுப்புகிறதுதான் என்பதை மூன்று தரம் சொன்னார். ஒரு தரம் சொல்லியிருந்தால் போதும்.

வீட்டுக்காரர் தணிகாசலம், மாநகராட்சியில் தெருவிளக்குப் பிரிவில் போர்மேன். வார்த்தையைச் செலவு செய்யாத மனிதர். இரண்டு பேர் மட்டும் இருக்கிற வீட்டில் பேச்சுப் பிரிவு முழுக்க என்னிடம்தான் இருக்கிறது. திரும்பி வரும்போது வண்டியை நிறுத்தி ஒரு கிலோ சப்போட்டா வாங்கினார். எனக்கு ஏன் சப்போட்டா என்று கேட்க முடியவில்லை.

டிசம்பர் 10

பக்தவத்சலம் சார் பென் டிரைவோடு வந்தார்.

"பேசத்தானேம்மா கூடாது? கை நல்லாத்தான இருக்கு?" என்றார்.

'குளத்து வீடு' சிறப்பு நிகழ்ச்சி ஒன்று இருக்கிறதாம். அமெரிக்காவில் நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் என்று ஒரு பண்டிகை வருகிறது. அன்றைக்குக் குழந்தைகளுக்காகப் போட எடுத்த படம். இருபத்திரண்டு நிமிடம். இங்கே சேனல்காரர்கள் அதைப் பொங்கலன்று காலை பத்து மணிக்குப் போடப் போகிறார்கள். வழக்கமாக வசனம் எழுதுகிறவர் சீரியலுக்குப் போய்விட்டார். நான் எழுத வேண்டும். 23ஆம் தேதி ரிக்கார்டிங்.

சொட்டுக்கு யார் பேசுவது என்று சீட்டில் எழுதிக் காட்டினேன். சார் மின்விசிறியைப் பார்த்தார்.

"தற்காலிகமாத்தாம்மா. ஜெசிந்தாவக் கேட்டிருக்கேன்."

எனக்கென்ன? தாராளமாகப் பேசட்டும். ஜெசிந்தா பெரம்பூர்க்காரி, என் வயதுதான். ஒரு காலத்தில் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் சாலிகிராமம் போய் வருவோம். டிபன் பாக்ஸ் மாற்றிச் சாப்பிடுவோம். சொட்டு வேஷத்துக்கு ஆடிஷன் நடந்தபோது அவள் நேரம் மாறி வந்தாள், எனக்குக் கிடைத்தது. அதிலிருந்து அவளுக்கு என் மேல் பொறாமை. பதினொரு வருடமாகப் பேச்சு கிடையாது.

சாயங்காலம் வீட்டுக்காரர் வேலையிலிருந்து வந்ததும் பழக்கதோஷத்தில், "சொட்டு என்ன பண்றான்?" என்று கேட்டுவிட்டார். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். எங்கள் வீட்டில் சொட்டு அவ்வப்போது பேசுவான். "அப்பா, வரும்போது மிக்சர் வாங்கிட்டு வா," என்று நான் அந்தக் குரலில் போனில் சொன்னால் மறக்காமல் வாங்கி வருவார். என் குரலில் சொன்னால் மறந்துவிடுவார். விளையாட்டுதான்.

டிசம்பர் 11

படத்தை மூன்று தரம் பார்த்தேன். நல்ல கதை. பக்கத்துக் குளத்து வான்கோழி மாமாவை வாத்துக் குடும்பம் விருந்துக்குக் கூப்பிடுகிறது. "இந்தப் பண்டிகைக்கு வான்கோழி கண்டிப்பாக மேஜையில் இருக்க வேண்டும்" என்று யாரோ சொல்வது அவர் காதில் விழுகிறது. தன்னைச் சமைக்கப் போகிறார்கள் என்று பயந்துபோய்ப் பரணில் ஒளிந்துகொள்கிறார். சொட்டு யாருக்கும் தெரியாமல் அவருக்குச் சோளம் கொண்டுபோய்க் கொடுக்கிறான். கடைசியில் அம்மா வாத்து பரணுக்கே ஏறிப்போய், "மேஜை மேல இல்லங்க, மேஜை முன்னால!" என்று விளக்கி அழைத்து வருகிறாள்.

வாத்துக்கு உதடு இல்லை என்பது டப்பிங்காரர்களுக்கு எவ்வளவு பெரிய வரப்பிரசாதம்! அலகு திறக்கும்போது ஆரம்பித்து மூடும்போது முடித்தால் போதும்.

தொல்லை கடைசிக் காட்சியில்தான். எல்லாரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருத்தருக்கொருத்தர் தேங்க் யூ சொல்கிறார்கள். ஏழு வாத்து, ஒரு வான்கோழி, எட்டு தேங்க் யூ. "அம்மா, உனக்கு நன்றி. அப்பா, உங்களுக்கு நன்றி," என்று எழுதிப் படித்துப் பார்த்தேன். சங்க ஆண்டுவிழாவில் மைக் செட்காரருக்கு நன்றி சொல்கிற மாதிரி இருந்தது. நம் வீடுகளில் யார் யாருக்கு நன்றி சொல்கிறார்கள்? நான் வீட்டுக்காரருக்கு இருபத்து நான்கு வருடத்தில் ஒரு தரம்கூடச் சொன்னதில்லை. சொன்னால் பயந்துவிடுவார்.

டிசம்பர் 12

நாளைக்கு ஆபரேஷன். மூன்று நாளைக்கு மாவு அரைத்து வைத்தேன். பீரோவில் எந்தச் சாவி எங்கே என்று சீட்டு எழுதி அவர் பார்வை படுகிற இடத்தில் ஒட்டினேன். சும்மா, ஒரு ஒழுங்குக்காக.

டிசம்பர் 14, சனி

முடிந்தது. வீட்டுக்கு வந்தாயிற்று. இன்னும் பத்து நாள் வாய் திறக்கக் கூடாது. ஜவ்வரிசி லேபுக்குப் போயிருக்கிறது.

வீட்டில் ஒரு அதிசயம். போன் வந்தால் அவர்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. என் அண்ணி, அவருடைய சித்தி, எதிர் பிளாட் அம்மா என்று எல்லாருக்கும் அவரே பதில் சொல்கிறார். "தூங்குறாங்க. கஞ்சி குடிச்சாங்க. இல்ல, ஒண்ணும் இல்ல. ரிசல்ட் வரணும். ஒண்ணும் இருக்காது." இருபத்து நான்கு வருடத்தில் பேசியதைவிட இன்றைக்கு ஒரு நாளில் அதிகம் பேசியிருப்பார். நல்ல குரல் மனிதருக்கு. கொஞ்சம் பயிற்சி கொடுத்தால் அப்பா வாத்துக்குப் பேச வைக்கலாம்.

நடுநடுவே போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போகிறார். வீட்டுக்குள் டவர் கிடைக்கவில்லையாம். எனக்கு இங்கே நன்றாகத்தான் கிடைக்கிறது.

டிசம்பர் 16

சேனலின் மும்பை அம்மாவோடு வீடியோ மீட்டிங். அவர் பேச, நான் தட்டச்சு செய்ய, பக்தவத்சலம் சார் படித்துக்காட்ட, ஒரு மாதிரி கூத்தாக இருந்தது.

"அறுவடைப் பண்டிகைதானே? பொங்கல்னே போட்டுடுங்க," என்றார் அந்த அம்மா.

ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டுகிறதே என்று கேட்டேன்.

"குழந்தைங்க கவனிக்க மாட்டாங்க."

குழந்தைகளா கவனிக்க மாட்டார்கள்? சொட்டு நான்காவது சீசனில் நீலத் தொப்பி போட்டிருந்தானே, ஐந்தாவதில் ஏன் பச்சை என்று ஈரோட்டிலிருந்து ஒரு குழந்தை கடிதம் எழுதியிருந்தது. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். முதல் காட்சியிலேயே சொட்டு சொல்லிவிடுவான்: "உங்க ஊர்ல வெயில் பொங்கல், எங்க ஊர்ல பனிப் பொங்கல்!" முடிந்தது. பூசணிப் பண்டத்தைப் பரங்கிக்காய் கேக் ஆக்கிவிட்டேன். பரங்கி பொங்கலுக்கு உரியதுதானே.

எட்டு தேங்க் யூ மட்டும் அப்படியே கிடக்கிறது.

டிசம்பர் 18, புதன்

விடிகாலையில் லேசாக விழிப்பு வந்தது. அவர் எழுந்து, மின்விசிறியை ஒன்றில் வைத்துவிட்டு, என் கழுத்துவரை போர்வையை இழுத்துவிட்டார். நான் தூங்குகிற மாதிரியே கிடந்தேன். காபி கொண்டுவந்தபோது சீட்டில், 'போர்வை போர்த்தினது நீங்கதானே. எனக்குத் தெரியும்,' என்று எழுதிக் காட்டினேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்! பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கின பையன் மாதிரி. "சரி சரி, காபி ஆறுது," என்று ஓடிவிட்டார்.

அப்போதுதான் பிடிபட்டது. நம் வீட்டில் நன்றி என்பது இதுதான். 'அது நீதான்னு எனக்குத் தெரியும்.' ஒருத்தர் மறைவாகச் செய்ததை இன்னொருத்தர் கவனித்துவிட்டேன் என்று சொல்வது. குளித்ததும் உட்கார்ந்து எட்டையும் எழுதிவிட்டேன். "கடைசி கேக்க எனக்கு வெச்சது நீதானே அக்கா? எனக்குத் தெரியும்." "என் தொப்பியக் குளத்துல இருந்து எடுத்துக் காயவெச்சது நீதானே அப்பா? எனக்குத் தெரியும்." கடைசியில் வான்கோழி மாமா சொட்டைப் பார்த்துச் சொல்வார், சொட்டு அம்மாவைப் பார்த்துச் சொல்வான்.

பக்தவத்சலம் சாருக்கு அனுப்பினேன். பத்து நிமிடம் கழித்து, "கண்ணு கலங்கிடுச்சும்மா," என்று வாய்ஸ் மெசேஜ். அவர் எதற்கும் கலங்குகிற ஆள்தான். இருந்தாலும் சந்தோஷமாக இருந்தது.

லேபிலிருந்து இன்னும் வரவில்லை.

டிசம்பர் 20, வெள்ளி

ஒத்திகை. நான் வசனகர்த்தாவாகக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம். அந்தப் பக்கம் மைக் முன்னால் ஜெசிந்தா. தலை பாதி நரைத்துவிட்டது. சாயமும் போடவில்லை. என்னைப் பார்த்ததும், "எப்டி இருக்க ரஞ்சிதம்? வலிக்குதா?" என்று சாதாரணமாகக் கேட்டாள். தலையை ஆட்டினேன். பொறாமைக்காரி கேட்கிற மாதிரி இல்லை.

சொட்டை நன்றாகவே பேசினாள். என் சொட்டு கொஞ்சம் அடம்பிடிக்கிறவன். இவளுடைய சொட்டு கொஞ்சம் பயந்தவன். பரணுக்கு ஏறுகிற காட்சியில் மூச்சு வாங்கினாள் பாருங்கள், நான் அப்படி யோசித்திருக்கவே மாட்டேன்.

கடைசி வரியை மட்டும் யாரைப் பார்த்துச் சொல்வது என்று அவளுக்குக் குழப்பம். பக்தவத்சலம் சார், "முன்னால யாராவது இருக்கிற மாதிரி நெனச்சிக்கம்மா," என்றார். அவள் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துச் சொன்னாள்: "அது நீதானே? எனக்குத் தெரியும்."

வெறும் வசனம். நான் எழுதினதுதான். ஏசி அதிகமாக வைத்திருந்தார்கள், சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

அந்த ஆடிஷன் விஷயம். கோஆர்டினேட்டர் தசரதன் அண்ணன் முதல் நாள் எனக்குப் போன் செய்தார். மூன்று மணிக்கு இல்லை, காலை பதினொன்றுக்கே, வெளிநாட்டுக்காரர்கள் சீக்கிரம் கிளம்புகிறார்கள் என்றார். "ஜெசிந்தா போன் ரிப்பேராம். சாயங்காலம் பஸ்ஸுல பாப்பீங்கள்ல, சொல்லிடும்மா," என்றார். நான் சொல்ல மறந்துவிட்டேன். அவ்வளவுதான். அவள் மூன்று மணிக்கு வந்தாள்.

டிசம்பர் 21

மறந்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறேன். மறக்கவில்லை. பஸ்ஸில் முழு வழியும் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

டிசம்பர் 22, ஞாயிறு

துணி துவைத்தேன். அவருடைய காக்கிச் சட்டைக்கு இரண்டு பொத்தான் தைத்தேன். மத்தியானம் மூன்று சீட்டு எழுதிக் கிழித்தேன். நான்காவதைப் பையில் வைத்திருக்கிறேன்.

டிசம்பர் 23, திங்கள்

ரிக்கார்டிங். மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லாரும் கீழே போனதும் ஜெசிந்தாவிடம் அந்தச் சீட்டைக் கொடுத்தேன். நான்கு வரிதான். தசரதன் அண்ணன் நேரம் மாறினதைச் சொன்னார். உன்னிடம் சொல்லச் சொன்னார். நான் வேண்டுமென்றே சொல்லவில்லை. பிறகு உன் முகத்தைப் பார்க்க முடியாமல் நான்தான் பேச்சை நிறுத்தினேன்.

இரண்டு தரம் படித்தாள். சாப்பாட்டு டப்பாவை மூடினாள்.

"பேச முடியாத நேரமா பாத்துச் சொல்ற. நான் திட்டுனா திருப்பிப் பேச மாட்டல்ல?"

மாட்டேன் என்று தலையை ஆட்டினேன்.

"அப்ப கேளு," என்று எழுந்து நின்றாள். "உனக்குத் திமிர் ஏறிடுச்சுன்னு நெனச்சேன் ரஞ்சிதம். நான் என்னா தப்பு பண்ணேன், எதுக்கு இவ மூஞ்சத் திருப்பிக்கினு போறான்னு எத்தினி நாள் அழுதிருக்கேன் தெரியுமா? ரெண்டு தடவ நானா வந்து சிரிச்சேன். நீ போன்ல பேசற மாதிரி போயிட்ட. சரி, அத வுடு. வேஷம் போச்சு, அதயும் வுடு. எனக்குக் கெடச்சிருக்கும்னு என்னா நிச்சயம்? ஆனா தசரதன் அண்ணன்?"

அங்கே நிறுத்தி மூச்சு வாங்கினாள். நடிப்பு இல்லை.

"அந்த மனுஷன்தான் வேணும்னு நேரத்த மாத்திச் சொன்னாருன்னு நடு ஸ்டூடியோவுல எல்லார் எதிர்லயும் கத்துனேன். நாறக் கேட்டேன். அவரு ஒரு வார்த்த பேசல. நின்னுகினே இருந்தாரு. அப்புறம் அவரு கூப்ட்ட வேலைக்குப் போகல. ஆறு வருஷத்துக்கு முன்னால அவரு செத்தப்பகூட நான் போகல ரஞ்சிதம். அதுக்கு என்னா எழுதிக் காட்டுவ? எழுது பாக்கலாம்."

பேனாவை எடுத்தேன். மறுபடி மூடி வைத்தேன்.

அவள் நேரே பூத்துக்குள் போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். பக்தவத்சலம் சார் மேலே வந்தபோது அவர் கண்டது, கோபத்தில் சிவந்த மூக்கோடு மைக் முன்னால் ஒரு வாத்து. "ரெடியாம்மா?" "ரெடி சார்." கடைசிக் காட்சி ஒரே டேக். "அது நீதானே? எனக்குத் தெரியும்." குரல் நடுவில் ஒடிந்தது. சார் ஒன்ஸ்மோர் கேட்கவில்லை. யாரும் கேட்கவில்லை.

கிளம்பும்போது என்னிடம் வந்து, "வியாழக்கிழம தசரதன் அண்ணன் வூட்டுக்குப் போறேன். நீயும் வர்ற," என்றாள். கேள்வி இல்லை, உத்தரவு.

டிசம்பர் 24

டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்துச் சிரித்தார். சாதாரணக் கட்டிதானாம். பயப்பட ஒன்றுமில்லை.

நான் பயப்படவில்லை என்று எழுதிக் காட்டினேன்.

இவர் அந்த நேரத்தில், "கீழ பார்க்கிங்ல வண்டிய நிறுத்தலாமா மேடம், இல்ல ரோட்டுலதான் நிறுத்தணுமா?" என்று சம்பந்தமில்லாமல் கேட்டார். டாக்டரம்மா, "தினம் மூணு தடவ லேபுக்குப் போன் பண்ணி இருக்கீங்களாமே சார், அவங்க உங்க குரலக் கேட்டாலே பேரச் சொல்றாங்க," என்றார். மொட்டை மாடியின் டவர் ரகசியம் இப்படி வெளிவந்தது. கீழே வந்து வண்டிச் சாவியைப் போட அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நான் எதிரே பழக்கடையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இன்னொரு விஷயம். வியாழக்கிழமையிலிருந்து தினம் ஐந்து நிமிடம் பேசலாம். பிறகு மெல்ல மெல்ல ஏற்றலாம். ஆனால் அந்தக் கீச்சுக் குரல் இனி வேண்டாம், அதுதான் நாண்களைத் தேய்த்திருக்கிறது என்றார். எப்போதுமேவா என்று எழுதினேன். "எப்பவுமேதாம்மா."

அவரும் அதைக் கேட்டார். வழியில் சப்போட்டா வாங்கவில்லை.

டிசம்பர் 26, வியாழன்

காலையில் எழுந்ததும் இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் ஐந்து நிமிடம் தனக்குத்தான் என்று நினைத்திருப்பார். வேண்டாம், ஒரு இடத்துக்குப் போக வேண்டும், அதற்கு வைத்திருக்கிறேன் என்று எழுதினேன். ஏன் எதற்கு என்று கேட்காமல் பஸ் நிறுத்தத்தில் கொண்டுவந்து விட்டார்.

ஜெசிந்தா நேற்றைய கிறிஸ்துமஸ் கேக்கோடு வந்தாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

தசரதன் அண்ணனின் மனைவி வேதவல்லியம்மா நங்கநல்லூரில் தனியாக இருக்கிறார். உட்காரச் சொன்னார். நான் வாயைத் திறந்தேன். முதலில் காற்றுதான் வந்தது. பிறகு ஒரு குரல் வந்தது. கனமாக, கீழே எங்கிருந்தோ வந்தது. யாருடையதோ என்று இருந்தது. அந்தக் குரலில் எல்லாவற்றையும் சொன்னேன். பஸ், பதினொரு மணி, வேண்டுமென்றே. "தப்பு என்னுது. பழி அண்ணன் மேல விழுந்துச்சு. நான் பாத்துக்கிட்டு நின்னேன்." சரியாக ஐந்து நிமிடம் ஆயிற்று.

அந்த அம்மா ஜெசிந்தாவைப் பார்த்துச் சொன்னார்: "அவருக்குத் தெரியும்மா. அன்னிக்கே தெரியும். 'சொல்லச் சொல்லி அனுப்பினேனே, அந்தப் பொண்ணு சொல்லல வேதா'ன்னு வந்து சொன்னாரு. ஏன் நீங்க வாய மூடிட்டு இருந்தீங்கன்னு கேட்டேன். அந்தப் பொண்ணு ஆஸ்பத்திரில இருந்து வந்து ரெண்டு மாசம்தான் ஆகுது, வெறுங்கையோட வந்துருக்கு, இந்த வேலையும் போச்சுன்னா என்ன ஆகும், விட்டுடலாம்னாரு."

ஜெசிந்தா திரும்பி என்னைப் பார்த்தாள்.

அந்த வருடத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

வேதவல்லியம்மா உள்ளே போய் ஜெசிந்தாவுக்குக் காபி கொண்டுவந்தார். எனக்கு ஒரு டம்ளர் வெந்நீர் வைத்தார். "தொண்டைக்குக் காபி ஆகாது," என்றார். கோபத்தில் தராமல் இருந்தாரா, அக்கறையில் தராமல் இருந்தாரா, தெரியவில்லை. முழுவதும் குடித்தேன். ஜெசிந்தா கேக்கை அண்ணனின் படத்துக்கு முன்னால் வைத்தாள்.

திரும்பும்போது, "ஏன்டி அப்ப எங்கிட்ட ஒண்ணும் சொல்லல? ஆஸ்பத்திரிக்குப் போனத?" என்றாள். என் ஐந்து நிமிடம் அங்கேயே தீர்ந்துவிட்டிருந்தது. அவளும் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. என் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

ஜனவரி 3

புதிய டைரி வாங்கவில்லை. பழையதில் பின்பக்கம் வெற்றுத்தாள் நிறைய இருக்கிறது.

தினம் பத்து நிமிடம் பேசுகிறேன். பக்தவத்சலம் சாருக்குப் போன் செய்து, சொட்டை இனி ஜெசிந்தாவே பேசட்டும், தற்காலிகம் என்ற வார்த்தையை எடுத்துவிடுங்கள் என்றேன். "யாரு பேசறது?" என்று கேட்டார். மூன்று தரம் பெயர் சொல்ல வேண்டியிருந்தது. "அடேயப்பா, என்னா பேஸ் வாய்ஸ்!" என்றார். வசனம் எழுதும் வேலை தொடர்ந்து தருகிறாராம்.

இவரிடம் பேசும்போது பருப்பு, பால், மோட்டார் போட்டாச்சா, இவ்வளவுதான் பேசுகிறேன். அவரும் 'சொட்டு என்ன பண்றான்' என்று கேட்பதில்லை. வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு நொடி நிற்கிறார். பிறகு கை கால் கழுவப் போகிறார்.

ஜனவரி 14, பொங்கல்

காலை ஏழரைக்கே பால் பொங்கிவிட்டது. இன்னொரு அடுப்பில் சர்க்கரைப் பொங்கலைச் சிறு தீயில் வைத்துவிட்டு, பத்து மணிக்கு டிவி முன்னால் உட்கார்ந்தோம்.

பனி கொட்டியது. "உங்க ஊர்ல வெயில் பொங்கல், எங்க ஊர்ல பனிப் பொங்கல்!" என்றான் சொட்டு. எதிர் பிளாட்டில் ஒரு குழந்தை கத்திச் சிரித்தது இங்கே கேட்டது. வான்கோழி மாமா பரணில் ஏறினார். சொட்டு சோளத்தைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க ஏறினான். இவர் கால்மேல் கால் போட்டுக்கொண்டு பார்த்தார்.

கடைசிக் காட்சி வந்தது. ஏழு வாத்தும் வான்கோழியும் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். சொட்டு அம்மாவைப் பார்த்துச் சொன்னான், குரல் ஒடிந்தது. பெயர் போடும்போது சொட்டு - ஜெசிந்தா என்று வந்தது, வசனம் - மனோரஞ்சிதம் என்று வந்தது. விளம்பரம் போட்டுவிட்டார்கள்.

உடனே போனில் ஜெசிந்தாவின் மெசேஜ். 'பாத்தியா? பரண்ல ஏறும்போது மூச்சு ஓவரா?' ஓவர் இல்லை, அளவுதான் என்று அனுப்பினேன். 'பொய் சொன்னா இந்தத் தடவ கண்டுபுடிச்சிருவேன்,' என்று பதில் வந்தது.

இவர் சேனலை மாற்றவில்லை. சோப்பு விளம்பரத்தையே பார்த்துக்கொண்டு, "நல்லாப் பேசறாங்க அந்தம்மா," என்றார். பிறகு, "ஆனா அவன் வேற பையன்," என்றார். எழுந்து சட்டையைத் தேடினார், எங்கேயோ கடைக்குப் போகிற மாதிரி. பொங்கலன்று என்ன கடை?

எனக்குத் தெரிந்துபோயிற்று. பதினொரு வருடமாக எனக்கு எது வேண்டுமென்றாலும் அந்தப் பிள்ளையை முன்னால் அனுப்பியே கேட்டிருக்கிறேன். மிக்சரும் அவன்தான் கேட்டான். சீக்கிரம் வீட்டுக்கு வா என்றும் அவன்தான் சொன்னான். நானாக இவரிடம் ஒன்றும் கேட்டதில்லை. இன்றைக்கு எனக்கு இருபது நிமிடம் இருந்தது.

"என்னங்க," என்றேன். அந்தக் கனத்த குரலில்தான். வேறு குரல் இல்லை. "கொஞ்சம் இங்க வந்து உக்காருங்க."

சட்டையில் ஒரு கை நுழைந்த மேனிக்கு வந்து உட்கார்ந்தார்.

"ரிசல்ட் வர்ற வரைக்கும் எனக்கு ரொம்பப் பயமா இருந்துச்சு," என்றேன். "நான் போயிட்டா நீங்க யார்கிட்டப் பேசுவீங்கன்னு."

அவர் தரையைப் பார்த்தார். "எனக்கும் அதே கணக்குதான் ஓடுச்சு," என்றார். பிறகு, "அந்த வருஷம் ஆஸ்பத்திரிலகூட நீ ஒண்ணும் பேசல ரஞ்சிதம். வீட்டுக்கு வந்து ரெண்டு மாசம் பேசல. திடீர்னு ஒரு நாள் வாத்து மாதிரிப் பேசுன. அது நின்னுடக் கூடாதுன்னு நானும் ஒண்ணும் கேக்கல," என்றார்.

கேளுங்கள் என்றேன். கேட்டார். தங்காமல் போனது பெண் குழந்தை என்று நர்ஸ் எனக்கு மட்டும் சொன்னதை அவரிடம் சொன்னேன். பதினொரு வருடத்தில் இதுதான் முதல் முறை. அவர் என்ன பெயர் யோசித்து வைத்திருந்தார் என்று சொன்னார். என்ன பெயர் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. எங்கள் இரண்டு பேரிடமும் இருக்கட்டும்.

இருபது நிமிடம் எப்போதோ தாண்டிவிட்டது. டாக்டரம்மா திட்டட்டும். பேசி முடித்து நிமிர்ந்தபோது மணி பன்னிரண்டு, வீடெல்லாம் தீய்ந்த வாடை. சர்க்கரைப் பொங்கல் அடிபிடித்துக் கறுத்துப் போயிருந்தது. இவர் கரண்டியால் மேலாக எடுத்து இரண்டு தட்டில் வைத்தார். கொஞ்சம் கருகல் வாசனை, மற்றபடி இனிப்பு சரியாகத்தான் இருந்தது. இன்னொரு தரம் போட்டுக்கொண்டோம்.